ஆஸ்துமா உள்ள பெரியவருக்குச் சளி பிடித்தால் வீட்டில் என்ன செய்வது?

அறுபது, எழுபது வயதில் ஆஸ்துமாவோடு இருப்பவருக்கு மூக்கொழுகலாகத் தொடங்கும் வைரஸ் சளி, ஓரிரு நாளில் நெஞ்சுக்கு இறங்கி இழுப்பைக் கிளப்பிவிடும். மூக்கொழுகும்போதே ஆயத்தமாகிவிடுங்கள்.

படி 1: தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். "சளி இருக்கும்போது பம்ப் வேண்டாம்" என்று யாராவது சொல்வார்கள்; கேட்காதீர்கள். மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கும் மருந்து அது. வீக்கம் கூடும் நேரத்தில்தான் கட்டாயம் வேண்டும். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

படி 2: ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய்) வாங்கி வையுங்கள். நம் ஊரில் பலர் கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் கருவியையே வைத்திருக்கிறார்கள். இழுப்பு வந்த பெரியவரால் அதை வேகமாக உறிஞ்ச முடியாது. இழுப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் பம்ப்பும் ஸ்பேசரும் இருந்தால் சாதாரணமாக மூச்சு விட்டாலே மருந்து உள்ளே போகும்.

நிமிர்ந்து உட்கார வையுங்கள். பம்ப்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். வாய்ப்பகுதியை உதடுகளால் இறுகக் கவ்வச் சொல்லுங்கள்; பல்செட் தளர்ந்திருந்தால் முகமூடி வைத்த ஸ்பேசர் நல்லது. விரல் மூட்டுவலி இருந்தால் நீங்களே அழுத்துங்கள். ஒரே ஒரு முறை அழுத்தி, நிதானமாக ஐந்தாறு மூச்சு. அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, அடுத்த அழுத்தம். இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எத்தனை அழுத்தம் என்பது டாக்டர் எழுதித் தந்த கணக்குப்படி. கை லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சற்று நேரத்தில் தணியும்.

படி 3: மூச்சையும் ஆக்ஸிஜனையும் காலையும் மாலையும் பார்த்துக் குறியுங்கள். அவர் அறியாமல் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஆக்ஸிமீட்டரில் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி) நகப்பூச்சில்லாத, சூடான விரலை வைத்து எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று முற்றலாம். சாப்பாட்டை ஒதுக்குவது, பேச்சில் குழப்பம் இவையும் அறிகுறிகளே.

படி 4: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை வலிமாத்திரைகள் சிலருக்கு இழுப்பைத் தூண்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர் மட்டும் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்கட்டும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஃப்ளூ என்றால் முதல் 48 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது என்பதால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சாம்பிராணி, கொசுவர்த்தி இரண்டும் வேண்டாம்.

எப்போது 108? ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல், ஆக்ஸிஜன் 92-க்குக் கீழ், உதடு நீலம், அரைத்தூக்கம், பம்ப் அடித்தும் குறையாத இழுப்பு. இதில் ஒன்று இருந்தாலும் அழைத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைக்காதீர்கள். சற்று முன்சாய்ந்து உட்காரட்டும், ஸ்பேசரில் மருந்து தொடரட்டும். மருந்துச் சீட்டையும் பம்ப்புகளையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.