சாவி தேடிய கதை: பெங்களூரில் ஜியோகேச்சிங் ஆடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேசர் டவுன் பக்கம் ஒரு சின்னப் பூங்கா. ஞாயிறு காலை ஏழரை மணி இருக்கும். ஓர் இரும்பு பெஞ்சுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் இரண்டு சுற்று என்னைப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டார்.

"ஏனு ஹுடுக்தா இதீரா?"

நான் கன்னடத்தில் பதில் சொல்ல இழுத்த இழுப்பிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். "தமிழா? என்ன தம்பி தேடுற?"

"ஸ்கூட்டர் சாவி விழுந்துடுச்சுங்கய்யா." வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். பெரியவர் கைத்தடியால் புல்லை விலக்க ஆரம்பித்தார். நாயோடு வந்த அம்மா நாயை மரத்தில் கட்டிவிட்டு வந்து சேர்ந்தார். காவலாளி வந்தார், இளநீர்க்காரர் வந்தார். ஐந்து நிமிடத்தில் ஐந்து பேர் என் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காவலாளிதான் பெஞ்சின் பின்காலில் ஒட்டியிருந்த சுண்டுவிரல் நுனியளவு காந்த உருளையைக் கண்டுபிடித்தார். நான் தேடி வந்தது அதைத்தான். "பெஞ்சு போல்ட்டு கழண்டிருக்கு" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவி தேடுகிறவன் போல்ட்டைக் கேட்க முடியுமா? சரி, கிளம்பலாம் என்று எழுந்தேன். பேன்ட் பையில் சாவிக்கொத்து கலகலவென்று சத்தம் போட்டது. பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

ஜியோகேச்சிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் ஒரு டப்பாவை ('கேச்' என்பார்கள்) ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பொதுவில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3-ம் தேதியே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் வைத்துவிட்டு இடத்தை அறிவித்தார். மூன்று நாளுக்குள் ஒருவர் கண்டுபிடித்தும்விட்டார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கேச்கள் உள்ளன. ஆட்டம் தெரியாத வெளி ஆட்களை இந்த வட்டாரத்தில் 'மகிள்' என்பார்கள். பெங்களூரில் ஒரு விளையாட்டுக்காரனுக்கு ஆயிரம் மகிள் இருப்பான். சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எண்ணைப் படிப்பதில் வரும் தவறு

முதலில் ஜி.பி.எஸ். சமாச்சாரத்தை முடித்துவிடலாம். கேச்சின் இடத்தைப் பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற வடிவில் கொடுப்பார்கள். உதாரணமாக லால்பாக் பூங்காவுக்குள் விழும் ஒரு புள்ளி: வடக்கு 12° 57.050′, கிழக்கு 77° 35.100′. புதிதாக வருகிறவர் இதை மேப்பில் 12.57050, 77.35100 என்று அடித்துவிடுவார். அது சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, கனகபுரா பக்கம் போய் நிற்கும். இந்தத் தவறாவது உடனே தெரிந்துவிடும், லால்பாக் தேடுகிறவர் கனகபுராவுக்கு பஸ் ஏற மாட்டார். இன்னொரு தவறுதான் ஆளை அலைக்கழிக்கும். 57.500 நிமிடம் என்பதை 57 நிமிடம் 50 விநாடி என்று படிப்பது. அரை நிமிடம் என்றால் 30 விநாடிதானே? 20 விநாடி கூடிப்போனால் 600 மீட்டர் தள்ளிவிடும். அதே பேட்டைதான், ஆனால் வேறு தெரு. அங்கே நின்று ஒரு மணி நேரம் செடியைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள்.

எண் சரியாக இருந்தாலும் போன் காட்டும் அம்பை முழுக்க நம்பக் கூடாது. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வரை துல்லியமாகக் காட்டும் போன், பெரிய மழைமரத்தின் கீழும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் தடுமாறும். இலைகள் சிக்னலை மங்கவைப்பதும், சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதும்தான் காரணம். டப்பா வைத்தவரின் போனும் அதே அளவு தடுமாறியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் போனைப் பையில் போட்டுவிட்டு, 'நான் வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்?' என்று யோசிப்பது மேல். அம்பு திரும்பும் பக்கமெல்லாம் திரும்பி வட்டமடிக்கும் ஆளைத்தான் ஊரே வேடிக்கை பார்க்கும்.

முன்பு தேடிப் போனவர்கள் இணையத்தில் எழுதிவைத்த பதிவுகளைப் புறப்படும் முன் படிக்காமல் போவது இன்னொரு வீண் அலைச்சல். நம் ஊரில் கேச்கள் குறைவு. வேலைக்காக வந்து சில மாதம் தங்கியவர் வைத்துவிட்டுப் போனது என்றால், அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு கவனிக்க ஆளிருக்காது. கடைசியாக வந்த மூன்று நான்கு பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் டப்பா அநேகமாக இல்லை. கிடைக்காமல் போனதைப் பதிவு செய்வதற்கு டி.என்.எஃப். என்று பெயர். பலருக்கு அதை எழுதக் கூச்சம், தோற்றுப்போனதாக நினைக்கிறார்கள். அதை எழுதாமல் விடுவதால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் ஹெப்பாளிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஏமாந்து திரும்புகிறார்.

ஆள் ஒளிவது

இனி பெரிய தவறுக்கு வருகிறேன். ஒளிந்திருக்க வேண்டியது டப்பா. புதியவர்கள் தாங்களும் சேர்ந்து ஒளியப் பார்க்கிறார்கள். முகத்தை மறைக்கும் தொப்பி, யாராவது வந்தால் போன் பேசுவதுபோல நடிப்பு, நாலு முறை சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. காலியான காட்டில் இதெல்லாம் செல்லும். இங்கே ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் திண்ணையிலோ கேட் வாசலிலோ இருப்பார். திருட்டுமுழி முழிக்கிறவனைத்தான் அவர் முதலில் கவனிப்பார். அதுவும் இரவு ஒன்பது மணிக்கு, பெண்கள் தங்கும் பி.ஜி. விடுதிக்கு எதிரே டார்ச் அடித்துக்கொண்டு நின்றால் அடி விழாமல் திரும்புவதே பெரிய காரியம். பகலில் போங்கள், முடிந்தால் துணையோடு போங்கள். குழந்தையை அழைத்துப் போனால் இன்னும் நல்லது. குழந்தை புதருக்குள் குனிந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பூங்காவில் நடந்த கூத்துக்கு மறுநாள் போய்க் காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். 'ட்ரெஷர் ஹன்ட்' என்றதும் புரிந்துவிட்டது. போல்ட்டைத் திருகித் திறந்து உள்ளே சுருட்டிவைத்திருந்த காகிதத்தைக் காட்டியபோது, தானும் அதில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார். போட்டார்.

இதில் சிரிப்பதற்கு இடமில்லாத பக்கமும் உண்டு. பெங்களூர் குண்டுவெடிப்புகளைப் பார்த்த ஊர். 2008 ஜூலையில் தொடர் குண்டுகள், 2010 ஏப்ரலில் சின்னசாமி மைதானத்தின் வெளியே, 2014 டிசம்பரில் சர்ச் ஸ்ட்ரீட்டில், 2024 மார்ச் 1-ம் தேதி புரூக்ஃபீல்டில் ஓர் உணவகத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பையில். இத்தனைக்கும் பிறகு, கறுப்பு டேப் சுற்றிய டப்பாவை மெட்ரோ நிலையத்தின் பக்கமோ கோயில் மதிலிலோ செருகிவைப்பது விளையாட்டு ஆகாது. இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிற்றூரில் 2011-ல் ஒரு காபிக் கடைக்கு வெளியே இருந்த கேச்சை வெடிகுண்டு நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தே அழித்தார்கள். அங்கேயே அப்படியென்றால் இங்கே கேட்க வேண்டுமா? டப்பா வைப்பவர்கள் உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்காக எடுங்கள். மேலே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் 'இது விளையாட்டுப் பொருள், ஆபத்தில்லை' என்று எழுதித் தொலைபேசி எண்ணும் ஒட்டுங்கள். அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி கேட்பது விதிகளிலேயே உள்ளதுதான். பள்ளி, ரயில் தண்டவாளம், ராணுவ இடம் பக்கமே போகக் கூடாது.

ராணுவ இடம் என்றதும் அல்சூர் ஏரிதான் நினைவுக்கு வருகிறது. நம் ஆட்கள் ஏரிக்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள், தமிழ்ச் சங்கமும் பக்கத்தில்தான், 2009-ல் திறந்த வள்ளுவர் சிலையும் அங்கேதான். ஏரியை ஒட்டியே மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் இடமும் இருக்கிறது. அம்பு மதிலுக்கு அந்தப் பக்கம் காட்டினால் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள். மதில்மேல் தொங்கி போட்டோ எடுப்பதெல்லாம் வேண்டாம்.

கை விடும் இடம்

கல் இடுக்கில் கையை விட்டுத் துழாவுவது என் பழைய கெட்ட பழக்கம். நாகமும் கண்ணாடி விரியனும் உள்ள ஊரில் இது மடத்தனம். குச்சியால் தட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கை. காலி மனைகளில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் பார்த்தீனியத்துக்குள் புகுந்து வந்தால் சிலருக்கு இரண்டு நாள் தோல் அரிக்கும், தும்மல் நிற்காது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பைவிட எனக்குப் பயம் நடைபாதை. ட்ரான்ஸ்ஃபார்மர் வேலி, மின்கம்பப் பெட்டி, உடைந்த கற்பலகை எதையும் தொடக் கூடாது. 2023 நவம்பரில் காடுகோடியில் நடைபாதையில் கிடந்த மின்கம்பியை மிதித்து ஒரு தாயும் கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். அவர்கள் எதையும் தேடவில்லை, நடந்துதான் போனார்கள். மழைக்காலத்தில் ராஜகாலுவே எனப்படும் பெரிய வடிகால்களுக்குள் இறங்குவதும் அப்படித்தான். 2018 ஜூனில் ப்ராக் நகரத்தில் நிலத்தடி நீர்வழிக்குள் கேச் தேடிப் போன நால்வரைத் திடீர் மழைவெள்ளம் அடித்துச் சென்றது, இருவர் உயிரோடு திரும்பவில்லை.

டப்பாவும் உள்ளே இருப்பதும்

நாமே ஒன்று வைக்கலாம் என்று ஆசை வரும், வரட்டும். பார்க்க நன்றாக இருக்கும் டிபன் பாக்ஸை மட்டும் வைக்காதீர்கள். என் முதல் டப்பா நான்கு நாள்கூட இருக்கவில்லை. புது எவர்சில்வர், கிளிப் வைத்தது. இப்போது யாரோ அதில் தயிர்சாதம் கொண்டுபோகிறார் என்றுதான் நினைக்கிறேன், அவருக்கு நல்லா இருக்கட்டும். பழசாக, மங்கலாக, ஆனால் மூடியில் ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள். இங்கே தென்மேற்குப் பருவமழை முடிந்தாலும் அக்டோபர் வரை கொட்டும். காகிதத்தை ஜிப் பையில் போட்டு, பேனாவுக்குப் பதில் பென்சில் வையுங்கள். மை கரைந்தால் பத்துப் பேர் கையெழுத்தும் ஒரே நீலக் கறையாகிவிடும்.

தின்பண்டம் கூடவே கூடாது. எறும்பும் பெருச்சாளியும் ஒரு ராத்திரியில் முடித்துவிடும். நந்தி மலை என்றால் குரங்கு டப்பாவோடு கொண்டுபோகும். அல்மரின் அந்த முதல் வாளியிலேயே ஒரு பீன்ஸ் டின் இருந்தது, வாளியும் பாதி மண்ணில் புதைந்திருந்தது. இன்றைய விதிப்படி இரண்டுமே தவறு. உணவு வைக்கக் கூடாது, இடத்துக்காரரின் அனுமதியில்லாமல் குழி தோண்டவும் கூடாது. வேறொருவரின் டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். பழைய கல்வெட்டு, நடுகல், கோயில் தூண் எதிலும் எதையும் செருகவோ ஒட்டவோ கூடாது. தொம்லூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஆட்களை வரவழைக்க ஆசையிருந்தால் டப்பாவைத் தெரு தாண்டி, அனுமதியோடு வைக்கலாம்.

டப்பாவே இல்லாத வகையும் ஒன்று உண்டு, எர்த்கேச். ஓர் இடத்துக்குப் போய் அங்குள்ள பாறையையோ மண்ணையோ பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். லால்பாக் பாறையில் ஏறி நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ளது, தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது என்று தெரியும்? காவலாளி, போலீஸ், மழை எதன் தொல்லையும் இல்லாத வகை என்பதால் முதல்முறை ஆடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

டப்பாவுக்குள் எண் பொறித்த உலோக வில்லை கிடைத்தால் அது ட்ராவல் பக். ஊர் ஊராகப் போக வேண்டிய பொருள், நினைவுப் பரிசு இல்லை. எடுத்தால் அடுத்த கேச்சில் போட வேண்டும். அதன் எண் தெரிய போட்டோ போட்டால், கையால் தொடாதவர்களும் பார்த்ததாகப் பதிவு செய்துவிடுவார்கள். சில டப்பாக்களில் பண்டமாற்றுக்குச் சின்னப் பொருள்கள் இருக்கும். எடுத்ததற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்ததுதான், ஆனாலும் பி.எம்.டி.சி. பஸ் டிக்கெட்டை வைத்துவிட்டுப் பொம்மைக் காரை எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வைத்த டப்பாவை மறந்துவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. மாதம் ஒருமுறையாவது எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் வைக்காதீர்கள். வேலை மாறிப் போகிறீர்கள் என்றால் உள்ளூர் ஆள் ஒருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வழியிருக்கிறது. பிரேசர் டவுன் போல்ட்டின் சொந்தக்காரர் ஜெர்மனி போய்விட்டிருந்தார். எழுதிக் கேட்டதும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். எனக்கு வீடு பேகூர் பக்கம், நினைத்த நேரத்தில் போக முடியாது. அதனால் அந்தப் பெரியவரிடமே போய், சாவி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். முதலில் முறைத்தார். அப்புறம் எண் வாங்கிக்கொண்டார். போன செப்டம்பரில் பெருமழை அடித்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு போன். "தம்பி, உன் போல்ட்டுக்குள்ள தண்ணி போயிடுச்சு. பேப்பரை எடுத்து எங்க வீட்டு டி.வி. மேல காயவச்சிருக்கேன். வேற பேப்பர் கொண்டுவா. சாவியையும் மறக்காம கொண்டுவா."