ஜப்பானின் புல்கூரை வீடுகளைப் பார்க்கச் செல்வோருக்கு

ஜப்பானின் கிராமங்களில் உழவர்களும் மீனவர்களும் சிறு வணிகர்களும் வாழ்ந்த பழைய வீடுகளை அந்நாட்டினர் மின்கா என்று அழைக்கின்றனர். அணைகள் கட்டப்பட்டதாலும் நகரங்கள் பெருகியதாலும் இவை வேகமாக அழிந்துவந்த காலத்தில், சிலவற்றை உத்திரம் உத்திரமாகப் பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, வேறோர் இடத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தினார்கள். அவ்வாறு உருவான திறந்தவெளி அருங்காட்சியகங்களுள் முதலாவது, ஒசாகாவை அடுத்த தோயோனாகாவில் ஹத்தோரி ரியோகுச்சிப் பூங்காவுக்குள் 1956-இல் திறக்கப்பட்டது. முதன்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது, டோக்கியோவை ஒட்டிய கவாசாகி நகரில் 1967-இல் திறக்கப்பட்ட நிஹோன் மின்காஎன். வடக்கே பனி மூடும் இவாத்தே முதல் தெற்கே ஒக்கினோஎராபுத் தீவு வரை பல பகுதிகளின் கட்டடங்கள் இங்கே ஒரே குன்றின் சரிவில் நிற்பதால், தட்பவெப்பம் மாற மாற வீடு எப்படி மாறுகிறது என்பதை அரை நாளில் கண்டுகொள்ள முடியும்.

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ஓடாக்யூ இருப்புப்பாதையில் முகோகாவோகா-யூயென் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அந்தப் பாதையில் ஓடும் ரயில்களில் பல வகைகள் உண்டு. கைசோக்கு கியூகோ (Rapid Express) என்னும் விரைவு வகை இந்த நிலையத்தில் நிற்காமல் சென்றுவிடும் என்பதால், ஏறுவதற்கு முன் நிற்கும் நிலையங்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறிப்போய் அதில் ஏறிவிட்டாலும் கவலை இல்லை. முந்தைய நிலையமான நோபோரிதோவில் இறங்கிச் சாதாரண ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். முகோகாவோகா-யூயென் நிலையத்தின் தெற்கு வாயில் வழியாக வெளியேறி நடந்தால் கால் மணி நேரத்துக்குள் இக்குதா ரியோகுச்சிப் பூங்காவையும் அருங்காட்சியகத்தின் முதன்மை வாயிலையும் அடைந்துவிடுவீர்கள். திறக்கும் நேரம் காலை 9.30. மார்ச் முதல் அக்டோபர் வரை மாலை 5 மணிக்கும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை 4.30 மணிக்கும் மூடுகிறார்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பே நுழைவு நின்றுவிடும். வழக்கமான விடுமுறை நாள் திங்கள்கிழமை.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வானிலையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்குள்ள வீடுகளில் தன்னார்வலர்கள் முறைவைத்து அடுப்பு மூட்டுகிறார்கள். தீ எரியும் வீட்டில் பார்வையாளர்கள் காலணியைக் கழற்றிவிட்டு மேலே ஏறி அமரலாம். எந்த நாளில் எந்த வீட்டில் என்பது அருங்காட்சியகத்தின் நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்திலும் கேட்கலாம். தீ எரியாத வீட்டைப் பார்ப்பது பாதி பார்ப்பதற்கே சமம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய காலணியை அணியுங்கள்; கிழியாத, தடித்த காலுறை கட்டாயம் வேண்டும். குளிர்காலத்தில் வெளியில் இருப்பதைவிட வீட்டுக்குள்தான் குளிர் அதிகம் என்று தோன்றும். பலகைத் தரையின் சில்லிப்பு காலுறையையும் தாண்டி ஏறும். கோடையில் குன்றின் மரநிழலில் கொசுத் தொல்லை இருக்கும். புகையின் வாடை உடையில் நாள் முழுவதும் தங்கிவிடும் என்பதால், அன்று மாலை வேறு நிகழ்ச்சிக்குச் செல்பவர்கள் மேலங்கி ஒன்றைத் தனியாக எடுத்துச் செல்வது நல்லது. பாதையில் ஏற்றமும் படிகளும் உண்டு.

வளாகத்தில் ஏறத்தாழ 25 கட்டடங்கள் இருக்கின்றன. அனைத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பினால் பத்தாவது வீட்டுக்குமேல் எல்லாமே ஒன்றுபோல் தெரியத் தொடங்கிவிடும். ஆகவே நுழைவாயிலை ஒட்டிய கண்காட்சிக் கூடத்தில் இருபது நிமிடம் செலவிட்டுக் கூரை எப்படி வேயப்படுகிறது, மரங்கள் எப்படிப் பொருத்தப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு, ஐந்து அல்லது ஆறு வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் இருபது நிமிடமாவது நில்லுங்கள். மற்றவற்றை நடைபோக்கில் பார்த்துக்கொண்டு போகலாம்.

வீட்டை வெளியிலிருந்து தொடங்குங்கள். கூரையின் விளிம்புக்கு அடியில் சென்று அண்ணாந்து பார்த்தால், வேய்ந்த புல்லின் வெட்டுமுகம் தெரியும். ஆயிரக்கணக்கான மெல்லிய தண்டுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, கத்தரிக்கோலால் சமன் செய்யப்பட்டு, பலகைபோல் வழவழப்பாக இருக்கும். செங்குத்தான கூரை கொண்ட கஷ்ஷோ வகை வீடுகளில் இந்த அடுக்கின் கனம் அரை மீட்டரையும் தாண்டும். கயா என்று பொதுவாக அழைக்கப்படும் இந்தக் கூரைப்பொருளில் பெரும்பங்கு வகிப்பது சுசுகி என்னும் உயர்ந்து வளரும் புல். புல் என்பது நீரைத் தடுக்கும் பொருளன்று. சரிவு செங்குத்தாக இருப்பதால்தான் மழைநீர் ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்கு வழுக்கி இறங்கிவிடுகிறது, மேல்பரப்பு மட்டும் நனைந்து உள்ளே காய்ந்தே இருக்கிறது. சரிவைக் கண்ணால் அளந்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

உள்ளே கால் வைத்ததும் நீங்கள் நிற்பது தோமா என்னும் இறுகிய மண்தரையில். சமையலும் தானியம் குத்துவதும் கயிறு திரிப்பதுமாக வேலைகள் நடந்த இடம் இது. சில பகுதிகளில் குதிரைக்கும் இங்கேயே இடம் இருந்தது. முதலில் எதுவுமே தெரியாது. படம் எடுக்க அவசரப்படாமல் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் கண் இருட்டுக்குப் பழகி, தலைக்கு மேலே கருத்து மின்னும் உத்திரங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். பக்கத்தில் உள்ள தூணைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மீன் செதில்போல் வரிசையாகச் சிறுசிறு குழிவுகள் தெரிந்தால் அது வாய்ச்சியால் செதுக்கிய மரம்; வழவழப்பாக இருந்தால் இழைப்புளி போட்டது. பழைய வீடுகளில் முன்னதை அதிகம் காணலாம்.

அடுத்து இரோரி. தரையில் சதுரமாகக் குழித்துச் சாம்பல் நிரப்பிய அடுப்பு இது. மேலிருந்து தொங்கும் கொக்கியில் இரும்புக் கெண்டி மாட்டப்பட்டிருக்கும். கொக்கியை ஏற்றி இறக்குவதற்கான நெம்புமரம் பெரும்பாலும் மீன் வடிவில் செதுக்கப்பட்டிருக்கும். இந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. புகை அறை முழுவதும் பரவி, உத்திரங்களைத் தடவி, கூரைப்புல்லின் ஊடாகக் கசிந்து வெளியேறுகிறது. போகிற வழியில் அது புல்லை உலர்த்துகிறது, பூச்சிகளை விரட்டுகிறது, மரத்திலும் கட்டுக்கயிற்றிலும் கரிப்பூச்சாகப் படிந்து அவற்றை இறுக்கிக் காக்கிறது. கண்ணைக் கரிக்கும் அந்தப் புகைதான் வீட்டின் ஆயுள். இன்றும் இந்த வீடுகளில் அடுப்பு மூட்டுவது பார்வையாளருக்காக மட்டுமன்று, கூரைக்காகவும்தான். தீயின் ஓரத்தில் அமர்ந்து, புகை மேலே எங்கே போகிறது என்று அண்ணாந்து பின்தொடருங்கள். வீட்டின் முழு அமைப்பும் அந்த ஒரு பார்வையில் விளங்கிவிடும். அடுப்பைச் சுற்றிய நான்கு பக்கங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. உள்பக்கத்தில் தோமாவை நோக்கிய யோகோசா குடும்பத் தலைவரின் இடம். வேறு எவரும் அங்கே அமர்வதில்லை.

தேர்ந்தெடுக்க வேண்டிய வீடுகளில் முதலில் எமுகாய் வீட்டைச் சொல்வேன். தோயாமா மாநிலத்தின் கொகாயாமாப் பகுதியிலிருந்து வந்த இது கஷ்ஷோ-சுகுரி வகை. கஷ்ஷோ என்றால் கூப்பிய கைகள். கனத்த பனி தங்காமல் சரிந்து விழுவதற்காகக் கூரை ஏறத்தாழ 60 பாகைச் சாய்வில் நிற்கிறது. கூரைச் சட்டத்தில் ஆணி இல்லை. வைக்கோல் கயிறும், பச்சையாக இருக்கும்போதே முறுக்கிக் கட்டிய இளங்கொம்புகளுமே மரங்களைப் பிணைத்திருக்கின்றன. காற்றும் பனிப்பாரமும் தாக்கும்போது இந்தக் கட்டுகள் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கூரைக்கு அடியிலுள்ள பரந்த பரணில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கொகாயாமாவில் தரைக்கு அடியில் குழி தோண்டி, மண்ணும் தாவரமும் பட்டுப்புழுவின் எச்சமும் சேர்த்து மட்கவைத்து, வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை எடுத்தார்கள்.

யமனாஷியிலிருந்து வந்த ஹிரோசே வீடு இதற்கு நேரெதிர். பலத்த காற்றுக்கு அஞ்சிக் கூரை விளிம்பு தாழ இறங்கியிருக்கும். குடும்பம் புழங்கிய பகுதியில் பலகையே இல்லை, மண்ணின்மேல் நேரடியாகப் பாய் விரித்து வாழ்ந்தார்கள். அதைப் பார்த்த கையோடு கனகாவா மாநிலத்தின் ஹதானோவிலிருந்து வந்த கிதாமுரா வீட்டுக்குச் செல்லுங்கள். 1687-இல் கட்டப்பட்டது என்பது மரத்தில் மையால் எழுதப்பட்ட குறிப்பிலிருந்து தெரியவருவதால், காலம் உறுதியாகத் தெரிந்த அரிய வீடு இது. இதன் பெரிய அறையில் தரை மூங்கிலால் ஆனது. ஏற அனுமதிக்கும் நாளாக இருந்தால் காலுறையோடு மெல்ல நடந்து பாருங்கள். உருண்ட மூங்கில்கள் பாதத்தின் அடியில் வரிவரியாக அழுந்தும், இடுக்குகளின் வழியே கீழிருந்து காற்று ஏறிவரும். 

குன்றில் இன்னும் மேலே, இவாத்தேயிலிருந்து வந்த குதோ வீடு ஆங்கில எல் எழுத்துப்போல் மடங்கி நிற்கிறது. மகரியா என்னும் இந்த வகையில் மனிதர் வாழும் பகுதியும் குதிரை லாயமும் ஒரே கூரையின்கீழ் இணைந்திருக்கின்றன. அடுப்படியில் இருப்பவர் திரும்பினால் குதிரையின் முகம் தெரியும். நேரமிருந்தால் சிபாவின் குஜூகுரிக் கடற்கரையிலிருந்து வந்த சகுதா வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தி மீன்பிடிப்பில் செழித்த வலை உரிமையாளரின் இல்லம் அது. வளைந்த பைன் மரங்களை அவற்றின் வளைவோடே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய உத்திரங்களை வேறெங்கும் இவ்வளவு அருகில் நின்று பார்க்க வாய்ப்பது அரிது. இத்தோ குடும்பத்தின் வீட்டின் முன் ஒரு நிமிடமாவது நில்லுங்கள். கவாசாகியிலேயே இருந்த அந்த வீட்டை நகரைவிட்டு வெளியே போகாமல் காப்பாற்ற எடுத்த முயற்சியிலிருந்துதான் இந்த அருங்காட்சியகமே பிறந்தது.

நடந்துகொள்ளும் முறையில் சில செய்திகள். நிலைப்படியின் மரத்தையும் தத்தாமிப் பாயின் துணி விளிம்பையும் மிதிக்கக்கூடாது. தாண்டிச் செல்ல வேண்டும். கழற்றிய காலணியை வாசலை நோக்கித் திருப்பி வையுங்கள். புல்கூரைக்குத் தீயே முதற்பகை என்பதால் அடுப்பைத் தன்னார்வலர் மட்டுமே தொடுவார். விறகைத் தள்ளிவிடக்கூட முன்வராதீர்கள். அவர்களிடம் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். மொழி தெரியாவிட்டாலும் உத்திரத்தையோ கொக்கியையோ கை காட்டினால், செய்தே காட்டி விளக்குவார்கள்.

பசித்தால் ஷிரகாவாவிலிருந்து வந்த யமஷிதா வீட்டில் சோபா என்னும் ஜப்பானிய நூடுல்ஸ் பரிமாறும் உணவகம் உண்டு. மேற்கு வாயிலை ஒட்டிய கைவினைக் கூடத்தில் அவுரிச் சாயம் தோய்க்கவும் கற்றுத் தருகிறார்கள். குழந்தைகளோடு செல்பவர்கள், ஷிமா தீபகற்பத்திலிருந்து வந்த, கபுகி என்னும் மரபு நாடகத்துக்கான மேடையைத் தவறவிட வேண்டாம். நடுப்பகுதி சுழலும் மேடையைக் கீழிருந்து ஆட்கள் தள்ளித் திருப்பிய அமைப்பு அங்கே இருக்கிறது. பள்ளிச் சிறுவர்களுக்கு, நடுநிலைப் பள்ளி வரை, கட்டணம் இல்லை.

இரண்டாவது பயணம் வாய்த்தால், ஒசாகா வழியாகச் செல்பவர்கள் ஹத்தோரி ரியோகுச்சிக்கும், மலைப்பகுதிக்குச் செல்பவர்கள் 1971-இல் திறக்கப்பட்ட தகாயாமாவின் ஹிதா நோ சாத்தோவுக்கும் போகலாம். குளத்தைச் சுற்றி வீடுகள் நிற்கும் ஹிதா நோ சாத்தோ பனிக்காலத்தில் தனி அழகு. தகாயாமாவிலிருந்து ஷிரகாவா-கோவுக்குப் பேருந்து உண்டு. கொகாயாமாவோடு சேர்த்து 1995-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட அதன் ஒகிமாச்சி ஊரில், ஆற்றின் மறுகரையில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு ஊருக்குள் நுழையுங்கள். ஊரில் உள்ள கஷ்ஷோ வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பார்வைக்குத் திறந்திருப்பதாக அறிவிப்புப் பலகை வைத்த வீடுகளுக்குள் மட்டும் கட்டணம் செலுத்திச் செல்லுங்கள். மற்ற வீடுகளின் முற்றத்திலோ வயல் வரப்பிலோ கால் வைக்காமல் தெருவிலிருந்தே பாருங்கள்.