பிஸ்டல் ட்ரிக்கரை விரலால் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? புதிதாகப் பழகுபவர்களுக்கு

அமெரிக்காவில் சுடுதளத்துக்கு முதன்முறை வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: எதனுடைய ட்ரிக்கர் நல்ல ட்ரிக்கர்? பதிலாக ஒரு எண் வரும். இது 5.5 பவுண்டு, அது 4.5 பவுண்டு. எண் குறைவாக இருப்பதே நல்லது என்று நினைத்து வாங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். கடையில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தபோது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருந்தது. தளத்துக்குப் போய் 7 கஜத்தில் சுட்டால், குண்டுகள் இடது கீழ் மூலையில் போய் விழுந்தன. அன்றைக்கே வாடகைக்கு எடுத்த இன்னொரு பிஸ்டலின் ட்ரிக்கர் கனம் அதிகம். ஆனால் அதில் குண்டுகள் நடுவில் ஒன்றாகச் சேர்ந்தன. அதற்குப் பிறகு எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, விரலில் என்ன நடக்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். அந்த முறையைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

ட்ரிக்கருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். கிளாக் 17 என்ற பிஸ்டல், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் இல்லாமல் ஏறக்குறைய 630 கிராம். அதன் ட்ரிக்கரை இழுக்கத் தேவைப்படும் விசை சுமார் 2.5 கிலோ. கையில் இருக்கும் பொருளின் எடையைப் போல நான்கு மடங்கு விசையை ஒற்றை விரலால் கொடுக்கிறோம். அதில் கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் முனை நகர்ந்துவிடும். அந்தப் பிஸ்டலில் குறி பார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுமார் 165 மி.மீ. முன்குறி 1 மி.மீ. விலகினால் 7 கஜத்தில் குண்டு கிட்டத்தட்ட 4 செ.மீ. தள்ளிப் போகும். 25 கஜத்தில் அது 14 செ.மீ. ஆகிவிடும்.

தொடங்கும் முன்: நீங்கள் தொடலாமா?

எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. தளத்தில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் கையில் பிடிப்பதும் இதில் அடங்கும். மாநில அரசு கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பர்கள் வார இறுதியில் கூப்பிட்டார்கள் என்று அப்படியே கிளம்பிவிடாதீர்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்களை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

படி 1: காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள்

முதலில் மேகசினை வெளியே எடுங்கள். பிறகு பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்துங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். மேகசின் இருந்த குழியையும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால் புதுத் தோட்டா ஒன்று சேம்பருக்குள் ஏறிவிடும். எத்தனையோ விபத்துகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை இன்று எல்லாத் தளங்களிலும் சொல்லித் தருகிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினைக்க வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் முனையைத் திருப்பக் கூடாது. குறி இலக்கில் நிற்கும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியேதான் இருக்க வேண்டும். இலக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் வெற்று இழுப்புகளுக்கும் இந்த நான்கும் பொருந்தும். அமெரிக்கர்கள் அதை டிரை ஃபயர் என்பார்கள். அதைத் தளத்தில் செய்யப் பணியாளரிடம் அனுமதி கேளுங்கள், முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும். வீட்டில் செய்தால், அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. சேம்பரில் வெடிக்காத டம்மி தோட்டா போட்டுக்கொள்வது பிஸ்டலுக்கும் நல்லது. .22 ரகப் பிஸ்டல்களில் பலவற்றை டம்மி இல்லாமல் இழுத்தால் தோட்டாவைத் தட்டும் ஊசி சேம்பரின் விளிம்பில் மோதிக் கெட்டுப்போகும்.

படி 2: வகைக்கு ஒன்றாக மூன்று பிஸ்டல் எடுங்கள்

பத்துப் பிஸ்டலைத் தொட்டால் ஒன்றும் நினைவில் நிற்காது. மூன்று போதும்.

முதலாவது, 1911. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெயரில் உள்ள அதே ஆண்டில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. இது சிங்கிள் ஆக்‌ஷன்: ஊசியை அடிக்கும் சுத்தி முன்பே மேலே ஏறி நிற்கும், அதை விடுவிப்பது மட்டும்தான் ட்ரிக்கரின் வேலை. இன்னொரு விசேஷமும் உண்டு. மற்ற ட்ரிக்கர்கள் ஊஞ்சல் போல ஓர் அச்சில் ஆடும். 1911இன் ட்ரிக்கர் மேசை இழுப்பறை போல நேராகப் பின்னால் நகரும்.

இரண்டாவது, சிக் பி226 அல்லது பெரெட்டா 92. இவை டபுள் ஆக்‌ஷனும் சிங்கிள் ஆக்‌ஷனும் கலந்தவை. முதல் குண்டுக்கு ட்ரிக்கரே சுத்தியைத் தூக்கி விட வேண்டும், அதனால் நீளமான, கனமான இழுப்பு. பி226இல் அது சுமார் 10 பவுண்டு, அதாவது 4.5 கிலோ. சுட்டதும் ஸ்லைடு பின்னால் போய்ச் சுத்தியை ஏற்றி வைத்துவிடும். அதனால் இரண்டாவது குண்டுக்கு 4.4 பவுண்டு, 2 கிலோதான். ஒரே ட்ரிக்கரில் இரண்டு ட்ரிக்கர் இருப்பது போல. கூக்கி சகோதரர்கள் செக்கோஸ்லோவாக்கியாவில் வடிவமைத்த சிஇசட் 75உம் இதே குடும்பம்தான்.

மூன்றாவது, கிளாக் 17. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற பிஸ்டல். வெளியே சுத்தி கிடையாது. உள்ளே ஊசி பாதி இழுபட்ட நிலையில் காத்திருக்கும், மீதியை உங்கள் விரல் இழுத்து முடித்து விடுவிக்கும். எல்லாக் குண்டுக்கும் ஒரே மாதிரி இழுப்பு.

மூன்றையும் 9 மி.மீ. ரகத்திலேயே கேளுங்கள். 9 மி.மீ. 1911 நிறையக் கிடைக்கிறது. ஒன்று .45 ஆக இருந்துவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது உதைப்பைத்தான், ட்ரிக்கரை அல்ல.

படி 3: கண்ணை மூடி ஆறு இடங்களைத் தேடுங்கள்

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

கிளாக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். இலக்குப் பக்கம் முனையை வைத்து, ஒரு தடவை குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். விரல் நுனியின் சதைப்பகுதியை ட்ரிக்கரில் வையுங்கள். மூச்சு விடும் வேகத்தில், மெதுவாக அழுத்துங்கள். முதலில் எதிர்ப்பு அதிகம் இல்லாமல் ட்ரிக்கர் பின்னால் வரும். இது தளர்வு, அமெரிக்கர்கள் ஸ்லாக் என்பார்கள். பிறகு ஓர் இடத்தில் முட்டி நிற்கும். இதற்குச் சுவர் என்று பெயர். அங்கே நிறுத்துங்கள். விரலை எடுக்காமல் மூன்று வரை எண்ணுங்கள். இப்போது இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டுங்கள். சுவர் உடனே உடையாது. கெட்டியான ஸ்பாஞ்சை அழுத்துவது போல நெகிழ்ந்து நெகிழ்ந்து போய், பிறகு டக் என்று விடுபடும். அந்த நெகிழ்வை ஊர்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டக் என்றது விடுபடும் இடம், அதாவது பிரேக். விடுபட்ட பிறகும் ட்ரிக்கர் பின்னால் போகும் தூரம் மிகை ஓட்டம்.

ஆறாவது ரீசெட். ட்ரிக்கரைப் பின்னாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்லைடை முழுசாக இழுத்து விடுங்கள். இப்போது விரலை நூல் நூலாகத் தளர்த்துங்கள். ஓர் இடத்தில் "க்ளிக்" என்று காதில் கேட்கும், விரல் நுனியிலும் தட்டும். அடுத்த குண்டுக்கு ட்ரிக்கர் தயார். விரலை முழுவதுமாக எடுத்து மறுபடி தொடத் தேவையில்லை. கிளாக்கில் இந்தத் தட்டல் அவ்வளவு தெளிவு. அதன் ஊர்தலைக் குறை சொல்பவர்கள்கூட ரீசெட்டைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து 1911. சுத்தி ஏறி இருக்கட்டும், பிடியின் பின்புறப் பாதுகாப்புத் தகடு உள்ளங்கையில் அமுங்கட்டும். தளர்வு மிகக் குறைவு. சுவர் உடனே வந்துவிடும். பிறகு, விரல் நகர்ந்ததாகவே தெரியாமல், மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒடிவது போல விடுபடும். முதல் தடவை இழுப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், தளத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பி226ஐ இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் இழுப்பில் சுவரைத் தேடாதீர்கள். கிணற்றில் வாளி இழுப்பது போல ஒரே சீராக, நடுவில் நிற்காமல் கடைசிவரை இழுக்க வேண்டும். சுத்தியை ஏற்றி வைத்து இழுத்தால் அது வேறு ட்ரிக்கர்: கொஞ்சம் தளர்வு, பிறகு சுத்தமான விடுபடல்.

ஒவ்வொன்றிலும் பத்து முறையாவது செய்து, ஆறு இடங்களையும் பற்றி ஒவ்வொரு வரி எழுதுங்கள். "நன்றாக இருக்கிறது" என்று எழுதக் கூடாது. "சுவர் மெத்து, ரீசெட் சத்தம்" என்று எழுதுங்கள்.

படி 4: எண்ணையும் பாருங்கள்

ட்ரிக்கர் அளவி கிடைத்தால் நல்லது. கொக்கியை எப்போதும் ட்ரிக்கரின் ஒரே இடத்தில் மாட்டி, நேர்ப்பின்னால் இழுத்து, பத்து அளவுகளின் சராசரி எடுங்கள். கொக்கி கொஞ்சம் கீழே இறங்கினால் நெம்புகோல் நீண்டு எண் குறைந்துவிடும். கடையில் சொல்லும் எண்ணும் உங்கள் எண்ணும் சேராததற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைந்த எண்தான் எப்போதும் நல்லது என்றால் யாரும் கனமான ட்ரிக்கரைக் கேட்டு வாங்க மாட்டார்கள். ஆனால் நியூயார்க் காவல்துறை பல ஆண்டுகள் கிளாக்கில் 12 பவுண்டு ட்ரிக்கரைப் போட்டு வைத்திருந்தது. பதற்றத்தில் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்ற கவலை. ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டலிலோ குறைந்தபட்சம் 1000 கிராம் இருந்தால் போதும். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் போட்டியிலும் அந்த விதிதான். ஐபிஎஸ்சி என்ற துப்பாக்கிப் போட்டி அமைப்பின் புரொடக்‌ஷன் பிரிவில் முதல் குண்டுக்கு 2.27 கிலோ, அல்லது எல்லாக் குண்டுக்கும் 1.36 கிலோ என்று கீழ்வரம்பு உண்டு. எந்த வேலைக்கு என்று தெரியாமல் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

படி 5: நாணயம் வையுங்கள்

இன்னும் காலிப் பிஸ்டல்தான். முன்குறிக்குப் பின்னால், ஸ்லைடின் மேல் ஒரு டைம் (10 சென்ட்) நாணயத்தை நண்பர் வைக்கட்டும். அது விழாமல் ட்ரிக்கரை இழுங்கள். பத்தில் எத்தனை முறை நின்றது என்று குறியுங்கள். 1911இல் ஒன்பது, பத்து வருவது எளிது. பி226இன் முதல் இழுப்பில் மூன்றோ நான்கோ வந்தால் கவலைப்பட வேண்டாம்.

கையின் அளவும் இங்கே தெரிந்துவிடும். டபுள் ஆக்‌ஷனில் ட்ரிக்கர் முன்னால் தள்ளி நிற்கும். விரல் சிறியதாக இருந்தால் எட்டுவதற்காகப் பிடியைச் சுற்றித் திருப்பிவிடுவோம், நாணயம் பக்கவாட்டில் விழும். அப்படி ஆனால் ட்ரிக்கர் மோசம் என்று எழுதாதீர்கள், "எட்டவில்லை" என்று எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு.

படி 6: இப்போது தோட்டாவோடு

கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு மாட்டிக்கொள்ளுங்கள். 7 கஜம், ஒரே ரகத் தோட்டா, ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனித்தாள், ஒரு தாளில் ஐந்து குண்டு. முதல் சுற்றில் 1911, சிக், கிளாக் என்று போனால் அடுத்த சுற்றில் தலைகீழாக வாருங்கள். இல்லையென்றால் கடைசிப் பிஸ்டல் உங்கள் களைப்பையும் சேர்த்துச் சுமக்கும். சிக்கில் முதல் இழுப்புக்கு ஒரு தாள், லேசான இழுப்புக்கு இன்னொரு தாள் வையுங்கள். முதல் இழுப்பை மறுபடி சுட, பிஸ்டலிலுள்ள டீகாக்கர் நெம்பை அழுத்தித்தான் சுத்தியை இறக்க வேண்டும். கட்டைவிரலால் இறக்கவே கூடாது.

ஒவ்வொரு தாளிலும் மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து எழுதுங்கள்.

பிறகு, மேகசினில் நண்பர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு டம்மியைக் கலந்து வைக்கட்டும். டம்மி வரும்போது வெடிக்காது, ஆனால் முனை படக்கென்று கீழே இறங்கும். உதைப்பை எதிர்பார்த்துக் கை செய்யும் வேலை அது. என்னுடைய இடது கீழ் மூலைக்குக் காரணம் இதுதான். லேசான ட்ரிக்கர் எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரிந்துபோய், கை முந்திக்கொண்டது. சுவர் தெளிவாக இருந்த கனமான ட்ரிக்கரில் விரல் அங்கே நின்று பொறுமையாக அழுத்தியது. உங்களுக்கு இது நேர் எதிராகவும் இருக்கலாம். அதற்காகத்தான் இவ்வளவு தாள்.

படி 7: இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள்

ஒன்றில் விரல் எழுதியது, மற்றொன்றில் தாள் எழுதியது. விரலுக்குப் பிடித்ததும் தாளில் ஜெயித்ததும் ஒரே பிஸ்டல் என்றால் சந்தோஷம். இல்லையென்றால் தாளின் பக்கம் நிற்பேன் நான், ஒரே ஒரு விதிவிலக்கோடு. வித்தியாசம் ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் என்றால் விரலுக்குப் பிடித்ததையே எடுங்கள். பிடித்த ட்ரிக்கரைத்தான் தினமும் எடுத்துப் பழகுவீர்கள்.

ஸ்ப்ரிங் மாற்றுவது, உள்பாகங்களைத் தேய்ப்பது என்று வீடியோ பார்த்து இறங்க வேண்டாம். கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் பாகங்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. முதல் ஆயிரம் குண்டுகளைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே சுடுங்கள். ட்ரிக்கரும் கொஞ்சம் பழகும், விரல் நிறையவே பழகும்.

அப்புறம், அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்து வந்து படி 6ஐ மட்டும் மறுபடி செய்யுங்கள். தேதி போட்டுப் பழைய தாள்களோடு சேர்த்து வையுங்கள். இரண்டு நாளும் ஒரே பிஸ்டலின் தாள் சிறியதாக வந்தால், அதன் பெட்டியைக் கேட்டு வாங்கலாம்.