வேலைக்கு வருபவரிடம் ‘வா’வா, ‘வாங்க’வா?

குழாய் சரிபார்க்கவோ பெயின்ட் அடிக்கவோ வீட்டுக்கு யாராவது வந்தால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கல்லூரி போகும் பையன் ஐம்பது வயதுக்காரரிடம் ‘இங்க வா, இதைப் பாரு’ என்பான். அவரோ ‘சொல்லுங்க தம்பி’ என்பார்.

‘நீ’ என்பதே தப்பு என்றில்லை. அம்மாவையும் முருகனையும் அப்படித்தான் அழைக்கிறோம். ஆனால் நீங்கள் சொல்வதை வேலைக்கு வந்தவர் அப்படியே உங்களிடம் திருப்பிச் சொன்னால் சுருக்கென்று இருக்குமா? இருக்கும் என்றால் ‘வாங்கண்ணே, பாருங்க’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மாறினால் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வாய் ‘வாங்க’ என்றாலும் உடம்பு வேறு சொல்லிவிடும். சோபாவில் சாய்ந்தபடி, அவரை நிற்க வைத்துக் கூலி பேசாதீர்கள். நாற்காலி போடுங்கள், இல்லையென்றால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். பணத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கண்ணால் காட்டாதீர்கள், கையில் கொடுங்கள். டீயை வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரிலேயே கொடுங்கள். பேப்பர் கப்தான் சுத்தம் என்பார்கள் சிலர். சரி, சம்பந்தி வந்தாலும் அதுதானா? டீக்கடையில் சாதி பார்த்து இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்கள் நம்முடையவை. தனி டம்ளர் என்ன சொல்கிறது என்பது வாங்குபவருக்கு உடனே புரியும்.

அப்புறம், உட்காரச் சொன்னாலும் சிலர் கூச்சப்பட்டு நின்றே பேசுவார்கள். ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.