ஜிடிஏ 6 வருகிறது, கன்சோலை இப்போதே வாங்கலாமா? கணக்குப் பார்க்கும் விதம்

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற கேம் தொடரின் 6ஆம் பாகமான ஜிடிஏ 6க்கு 2026 நவம்பர் 19 என்று தேதி சொன்னதில் இருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "அண்ணே, அந்த நேரத்துல பிஎஸ்5 கிடைக்காதாமே, இப்பவே ஒண்ணு வாங்கிப் போட்டுடவா?" பிஎஸ்5 என்றால் சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல், டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி. வாங்குவதும் வாங்காததும் அவரவர் இஷ்டம். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது, பெரிய கேமின் அடுத்த பாகம் வந்தால் கன்சோல் விற்பனை உண்மையிலேயே ஏறுமா என்று. சில நேரம் நன்றாகவே ஏறியிருக்கிறது, சில நேரம் ஊசி முனை அளவுகூட அசையவில்லை. எது எப்போது நடக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த கேம் ஒரே கன்சோலில்தான் வருகிறதா என்பது. 2007 செப்டம்பர் 25 அன்று ஹேலோ 3 மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360க்கு மட்டும் வந்தது. அமெரிக்காவில் அந்த மாதம் என்பிடி என்ற விற்பனை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 528,000 எக்ஸ்பாக்ஸ் 360 விற்றது. அதற்கு முந்தைய மாதம் 277,000தான். "இரண்டு மடங்கு" என்று எல்லோரும் எழுதினார்கள். கொஞ்சம் பொறுங்கள். என்பிடியின் செப்டம்பர் 5 வாரம், ஆகஸ்ட் 4 வாரம். வாரத்துக்கு வகுத்துப் பார்த்தால் 69,000இல் இருந்து 106,000க்குப் போயிருக்கிறது, அதாவது ஒன்றரை மடங்கு. போதாததற்கு ஆகஸ்டில்தான் மைக்ரோசாஃப்ட் பிரீமியம் மாடலின் விலையை 50 டாலர் குறைத்திருந்தது. இதையெல்லாம் கழித்த பிறகும் ஹேலோவுக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் அக்டோபரிலும் வாரத்துக்கு 90,000க்கு மேல் போனது, உடனே படுத்துவிடவில்லை.

இப்போது பக்கத்தில் ஜிடிஏ 4ஐ வையுங்கள். 2008 ஏப்ரல் 29, பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் ஒரே நாளில் வந்தது, முதல் வாரத்திலேயே 500 மில்லியன் அமெரிக்க டாலர் வசூல். கன்சோல்? அமெரிக்காவில் அந்த ஏப்ரல் கணக்கில் இரண்டும் தலா 188,000 அளவில் நின்றன. மார்ச்சில் 260,000 அளவில் விற்றவை! இங்கேயும் மார்ச் 5 வாரம், ஏப்ரல் 4 வாரம் என்று சரிசெய்தாலும் ஏறவில்லை, சற்று இறங்கித்தான் இருக்கிறது. கேம் வந்தது ஏப்ரல் கணக்கின் கடைசி வாரத்தில்தானே என்று கேட்கலாம். சரி, மே மாதத்தைப் பாருங்கள், பிஎஸ்3 லேசாக ஏறியது, எக்ஸ்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்தப் பெட்டியிலும் கிடைக்கிற கேம் எந்தப் பெட்டியையும் தனியாகத் தூக்கி நிறுத்தாது. கால் ஆஃப் டூட்டி ஒவ்வோர் ஆண்டும் கோடிகளை அள்ளினாலும் எந்த கன்சோல் முந்தும் என்பதை அது தீர்மானிக்காததற்கும் இதுதான் காரணம்.

அடுத்தது, அந்த கேமை விளையாடப்போகிறவர்களிடம் கன்சோல் ஏற்கெனவே இருக்கிறதா? ஜிடிஏ 5 வந்தது 2013 செப்டம்பரில், பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டும் வயதாகி ஓய்வு பெறப்போகிற நேரத்தில். 3 நாளில் 1 பில்லியன் டாலர் விற்றது. யாரும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை, பிஎஸ்3 மட்டுமே 80 மில்லியன் வீடுகளை எட்டிக்கொண்டிருந்தது. இரண்டே மாதத்தில் பிஎஸ்4 வந்தபோது ஜிடிஏ 5 அதில் இல்லவே இல்லை, ஓராண்டு கழித்துதான் வந்தது. அப்படியிருந்தும் முதல் நாளே அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 1 மில்லியன் பிஎஸ்4 போய்விட்டது. உலகிலேயே பெரிய கேம் பழைய பெட்டியில் இருந்தது, ஜனங்கள் புதுப் பெட்டிக்கு வரிசையில் நின்றார்கள்.

விழுக்காட்டில் செய்தி வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். 2014இல் மாரியோ கார்ட் 8 வந்த வாரம் பிரிட்டனில் நின்டெண்டோவின் வீ யூ கன்சோல் விற்பனை 666 விழுக்காடு ஏறியது என்று தலைப்பு போட்டார்கள். பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்பு வாரத்துக்கு எவ்வளவு விற்றுக்கொண்டிருந்தது என்று கேட்க வேண்டாமா? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த வீ யூ கடைசி வரை உலகம் முழுக்க 13.56 மில்லியனைத் தாண்டவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதே கேமைக் கொஞ்சம் மெருகேற்றி 2017இல் நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சில் போட்டபோது 60 மில்லியனுக்கு மேல் விற்றது. கேம் ஒன்றுதான், பாதை ஒன்றுதான், மாறியது பெட்டி. கேம்தான் கன்சோலை விற்கிறது என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இதைத்தான்.

அப்புறம், அந்த நேரத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்விட்சுக்கான அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் 2020 மார்ச் 20இல் வந்தது, ஸ்விட்ச் எங்குமே கிடைக்கவில்லை. உண்மைதான், ஆனால் நாம் எல்லோரும் அப்போது எங்கே இருந்தோம்? இங்கே சிங்கப்பூரில் ஏப்ரல் 7இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் தொடங்கியது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவன் எந்த கேமாக இருந்தாலும் வாங்கியிருப்பான். செல்டாவின் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் 2023 மே 12இல் வந்தபோது 3 நாளில் 10 மில்லியன் விற்றது, அந்தக் காலாண்டில் ஸ்விட்ச் விற்பனை முந்தைய ஆண்டைவிட 13.9 விழுக்காடு ஏறி 3.91 மில்லியன் ஆனது. ஆறு வயதான கன்சோலுக்கு இது பெரிய விஷயம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்தைய ஆண்டு சிப் தட்டுப்பாட்டால் சரக்கே போதவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கன்சோலோடு சேர்ந்தே அடுத்த பாகம் பிறந்தால் அது தனிக் கதை. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் 906,000 ஸ்விட்ச் விற்றது, ஸ்விட்சுக்கான செல்டா கேம் ப்ரெத் ஆஃப் தி வைல்ட் 925,000 விற்றது. ஆம், கன்சோலைவிட கேம் அதிகம். அங்கே எது எதை விற்றது என்று பிரிக்கவே முடியாது.

சரி, இந்தக் கேள்விகளை ஜிடிஏ 6 மேல் வைத்துப் பாருங்கள். ஒரே கன்சோலிலா? இல்லை, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் எல்லாவற்றிலும் வருகிறது. இதை மட்டும் வைத்து ஜிடிஏ 4 மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டாவது கேள்வி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பிஎஸ்4க்கு இந்த கேம் கிடையாது, கணினிக்கும் முதல் நாளில் வருவதாக அறிவிப்பு இல்லை. 2024இல் சோனி காட்டிய கணக்கில் மாதந்தோறும் பிஎஸ்4இல் விளையாடுகிறவர்களும் பிஎஸ்5இல் விளையாடுகிறவர்களும் ஏறத்தாழ சமம், தலா 49 மில்லியன். ஃபோர்ட்நைட்டும் கால்பந்தும் போதும் என்று பழைய பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தை எழுப்ப ஒரு காரணம் வேண்டும் என்றால் இதைவிடப் பெரிய காரணம் வராது. அதனால் இந்த முறை ஏறும் என்றுதான் நான் நினைக்கிறேன், முக்கியமாக பிஎஸ்5.

அதற்காக இன்றே ஓட வேண்டுமா? தேதி ஏற்கெனவே 2025இல் இருந்து 2026 மே 26க்கும், அங்கிருந்து நவம்பர் 19க்கும் தள்ளிப்போயிருக்கிறது. இந்த ஒரு கேமுக்காக மட்டும் என்றால், கேமே வராமல் கன்சோலை டிவிக்குக் கீழே தூசி தட்டிக்கொண்டிருப்பது வீண். இன்னொரு பக்கம், காத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய பழக்கம் இப்போது செல்லாது. 299 டாலருக்கு வந்த பிஎஸ்2 ஒரு கட்டத்தில் 99 டாலருக்குக் கிடைத்தது. பிஎஸ்5 டிஜிட்டல் அமெரிக்காவில் 2020இல் 399 டாலர், 2025 ஆகஸ்டில் 499. மெமரி சிப் விலையும் 2025 கடைசியில் ஏறத் தொடங்கிவிட்டது. ஆக, பயப்பட வேண்டியது சரக்குத் தீர்ந்துபோவதைவிட விலை ஏறுவதைப் பற்றித்தான்.

நம் ஊர் நாள்காட்டி இந்த முறை வசதியாக இருக்கிறது. தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு, 9 திங்கள் விடுமுறை, இணையக் கடைகளின் 11.11 தள்ளுபடி அடுத்த இரண்டு நாளில், கேம் 19இல், பிளாக் ஃபிரைடே தள்ளுபடி 27இல். ஏற்கெனவே மற்ற கேம்கள் விளையாடுகிற ஆள் என்றால் விலை ஏறும் பேச்சு அடிபட்டவுடன் வாங்கிவிடுங்கள். ஜிடிஏ மட்டும்தான் என்றால் அக்டோபர் கடைசிவரை பொறுத்து, தேதி நிலைத்தபின் 11.11இல் பாருங்கள். கேமோடு சேர்த்துக் கட்டு போட்டு விற்றால் தனித்தனியாகக் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள், சில கட்டுகளில் ஒரு டாலர்கூட மிச்சமாகாது.

பிஎஸ்4ஐ விற்க நினைத்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மாறினால் பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளம் முழுக்கப் பழைய பிஎஸ்4ஆக நிற்கும், கேட்க ஆள் இருக்காது.

கடையில் லோக்கல் செட்டா (இங்கே விற்க வந்ததா) எக்ஸ்போர்ட் செட்டா (வேறு நாட்டுக்கு என்று வந்ததா) என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிம் லிம் மின்னணுக் கடைகள் பக்கம் விலை குறைவாகச் சொன்னால் பெரும்பாலும் உத்தரவாதத்தில்தான் வித்தியாசம் இருக்கும், அது கடை உத்தரவாதமா நிறுவன உத்தரவாதமா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். டிஜிட்டல் பதிப்பில் வட்டு போட முடியாது, கேமை முடித்துவிட்டு விற்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு அது சரிப்படாது. ஸ்லிம் மாடல் என்றால் டிஸ்க் டிரைவைப் பின்னால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்தக் காசையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பிள்ளைக்கு என்று வாங்குகிறீர்களா? ஜிடிஏ 5க்கு இங்கே எம்18 என்ற வயது வரம்பு முத்திரை. 6க்கும் அதுதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்18 கேமை 18 வயது ஆகாதவர்களுக்குக் கடையில் விற்கக் கூடாது. பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை முடித்த பையன் ஜிடிஏதான் வேண்டும் என்று நின்றால், கன்சோலுக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால் அவனோடு பேசி முடிக்க வேண்டிய விஷயம் அது.