மகளின் மதிப்பெண்ணும் என் ஞாயிற்றுக்கிழமையும்

மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறில் படித்து, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குத் தயாரான ஆண்டில், ஞாயிறு காலைத் தமிழ் ஆராதனை நேரத்தில் அவளைச் செங்காங்கில் துணைப்பாட வகுப்புக்கு அழைத்துச் சென்று, வாசலிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் காத்திருப்பேன். வீட்டில் சிலை இல்லாததால், விக்கிரகம் என்ற சொல் எனக்குரியதன்று என்றே நம்பியிருந்தேன்.

பொருளாசையையே விக்கிரகாராதனை என்று வேதாகமத்தில் கொலோசெயர் 3:5 சொல்வதை ஓரிரவு வாசித்தபோது, 4 முதல் 32 வரையிலான அந்தத் தேர்வு மதிப்பெண்ணுக்காக நான் ஆராதனையை விட்ட ஞாயிறுகளை நாட்காட்டியில் வட்டமிட்டு எண்ணினேன். பதினேழு. கை நடுங்கியது. பிள்ளையின் படிப்பில் அக்கறை வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் என் ஜெபம்கூட அந்த எண்ணைச் சுற்றியே நின்றிருந்தது.

வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றி, மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு, முதல் கீர்த்தனை தொடங்கியதுமே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.