கையைத் தூக்க இன்னும் நேரம் இருக்கிறது

சாலை சைக்கிள் பந்தயத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படுகிறது. எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில், அதே நம்பிக்கையோடு செய்கிறார்கள். டயரில் காற்றைப் பார்க்காமல் கிளம்புவது, தண்ணீர் குடிக்க மறப்பது, கடைசி வளைவில் தவறான கியரில் மாட்டிக்கொள்வது, இதைப் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஓரிரு முறை பட்டால் தானாகத் திருந்திவிடும். பட்டாலும் திருந்தாத ரகம் ஒன்று இருக்கிறது: முடிவுக்கோட்டுக்கு முன்பே வெற்றியைக் கொண்டாடுவது. உலகச் சாம்பியன் சட்டை போட்டவர்களே இதைச் செய்திருப்பதால் பிள்ளைகளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

முன்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வருவது

டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் சாலைப் பந்தயம், 2021 ஜூலை 25. நெதர்லாந்தின் ஆன்னமீக் வான் ஃப்ளூட்டன் கைகளை விரித்தபடி கோட்டைக் கடந்தார். தங்கம் தனக்குத்தான் என்று நினைத்தார். ஆஸ்திரியாவின் ஆன்னா கீசன்ஹோஃபர் அவருக்கு 1 நிமிடம் 15 விநாடிக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்.

பந்தயம் தொடங்கியதுமே பிரிந்து போன சிறு கூட்டத்தில் கீசன்ஹோஃபர் இருந்தார். கடைசிப் பகுதியில் உடன் வந்தவர்களையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டார். அப்படி விடப்பட்டவர்களைப் பின்னால் வந்த கூட்டம் பிடித்தது. எல்லோரையும் பிடித்தாயிற்று என்று முடிவு கட்டிவிட்டது. ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. அணியின் காரிலிருந்து யாரும் “இன்னும் ஒருத்தி இருக்கிறாள்” என்று சொல்ல வழியில்லை.

இதை எல்லோரும் அவசரக் கொண்டாட்டத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். என் கணக்கில் இது வேறு வகை. வான் ஃப்ளூட்டன் கையைத் தூக்கியதால் எதையும் இழக்கவில்லை. இழந்தது அதற்கு வெகுநேரம் முன்பு. பிரிந்து போனவர்கள் எத்தனை பேர், பிடித்தது எத்தனை பேர் என்று கழித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பைக்கில் கரும்பலகையோடு வருகிறவர் நேர இடைவெளியை எழுதிக் காட்டுவார். அதை எட்டிப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள்.

சுற்றுக் கணக்கை விடுவது

ஜிரோ தி இத்தாலியா இத்தாலியில் பல நாள் நடக்கும் பந்தயம், ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம். 2017-இல் அதன் ஐந்தாம் கட்டம் மெஸ்ஸினா நகரில் முடிந்தது. ஸ்லோவேனியாவின் லூக்கா பிபெர்னிக் தனியாகப் பாய்ந்து வந்து, கோட்டில் கையைத் தூக்கினார். நகருக்குள் இன்னும் ஒரு சுற்று, 6 கிலோமீட்டருக்கு மேல், பாக்கி இருந்தது. கூட்டம் அவரைக் கடந்து போனது. வென்றது கொலம்பியாவின் ஃபெர்னாண்டோ கவீரியா.

மணி அடித்தால் இன்னும் ஒரு சுற்று. மணி காதில் விழுந்ததா என்று சந்தேகமா? மிதியுங்கள்.

ஹேண்டிலை விடுவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது இதுதான்.

2004 மிலான்–சான்ரெமோ, இத்தாலியின் ஒருநாள் பந்தயம். 294 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஏழு மணி நேரப் பந்தயம். ஜெர்மனியின் எரிக் சாபெல் 1997, 1998, 2000, 2001 என நான்கு முறை அதை வென்றவர். எந்த வளைவில் காற்று எப்படி அடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஐந்தாவது வெற்றிக்குச் சில மீட்டர் இருக்கையில் இரண்டு கைகளையும் தூக்கினார். பக்கத்தில் ஸ்பெயினின் ஆஸ்கார் ஃப்ரெய்ரே தலையை நிமிர்த்தாமல் மிதித்து, கடைசி நொடியில் சைக்கிளை முன்னால் தள்ளினார். சில சென்டிமீட்டரில் பந்தயம் ஃப்ரெய்ரேவுக்குப் போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. தாழியை உடைத்ததும் அவரேதான். சாபெல் அதன்பின் சான்ரெமோவை வெல்லவே இல்லை.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 4, பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயம். பிரான்சின் ஜூலியன் அலாஃபிலிப் ஒரு வாரத்துக்கு முன்புதான் உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். உலகச் சாம்பியனுக்குரிய வானவில் சட்டையோடு முதல் பந்தயம். கோட்டுக்கு முன் கைகள் மேலே போயின. ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச் சைக்கிளைத் தள்ளி, முன்சக்கரத்தை முதலில் சேர்த்துவிட்டார். பதினைந்து நாள் முன்புதான் டூர் தெ பிரான்ஸைக் கடைசிக்கு முந்தைய நாளில் பறிகொடுத்தவர் அவர். ஆட்டம் முடிவதற்குள் முடிந்ததாக நினைக்கக்கூடாது என்று அன்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரிந்திருக்கும்? அலாஃபிலிப்புக்கு இரண்டாம் இடமும் நிற்கவில்லை. ஸ்பிரின்ட்டில், அதாவது கடைசி வேகப் பாய்ச்சலில், தன் தடத்தை விட்டு விலகி, கூட வந்த ஹிர்ஷி, போகாச்சர் ஆகியோருக்கு இடைஞ்சல் செய்ததால் ஐந்தாம் இடத்துக்கு இறக்கப்பட்டார்.

மூன்று நாள் கழித்து பெல்ஜியத்தின் பிராபாண்ட்ஸே பெய்ல் பந்தயத்திலும் அதே அலாஃபிலிப் அதே மாதிரி முன்கூட்டியே கொண்டாடினார். மத்தியூ வான் டெர் பூல் பாய்ந்து வந்தார். இம்முறை மயிரிழையில் தப்பினார் அலாஃபிலிப். பட்டாலும் திருந்தாத ரகம் என்று சொன்னேனே, அது இதுதான்.

2024 ஏப்ரலில் பெண்களுக்கான ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸ். உலகின் மிக வேகமான ஸ்பிரின்டர்களில் ஒருவரான லொரேனா வீபெஸ் கையைத் தூக்கினார். பின்னால் வந்த மரியான் வோஸ் மிதிப்பதை நிறுத்தவில்லை. சக்கரத்தைத் தள்ளி வென்றார்.

இவர்களையெல்லாம் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்கிறவர்கள் நிறைய. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்னால் போகிறவருக்குத் தெரிவது காலிச் சாலை மட்டும். ஆபத்து வருவது தோளுக்குப் பின்னாலிருந்து. உங்கள் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் வந்து கடைசியில் பக்கவாட்டில் விலகிப் பாய்கிறவர் உங்களைவிட வேகமாக வருவார். ஓரக்கண்ணில் அவர் விழும்போது உங்கள் கை ஏற்கெனவே மேலே இருக்கும். இது குணக்கேடு இல்லை, தொழில் தவறு. அதனால்தான் கோபம் வருகிறது. குணத்தை மாற்றுவது கடினம், இதைப் பயிற்சியில் சரிசெய்துவிடலாம்.

கையைத் தூக்கினால் என்னதான் போகிறது? உடம்பு நிமிர்கிறது, நெஞ்சில் காற்று அடிக்கிறது, பெரும்பாலும் மிதிப்பதும் நிற்கிறது. அந்த அரை நொடியில் இதனால் போவது ஏதோ பத்து, பதினைந்து சென்டிமீட்டர். பெரிய இழப்பு அதுவல்ல. ஹேண்டிலைப் பிடிக்காதவரால் சைக்கிளைத் தள்ள முடியாது, அதுதான்.

சைக்கிளைத் தள்ளுவது என்றால் கைகளைச் சட்டென்று நீட்டி, இடுப்பை இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோவது. பந்தய சைக்கிளின் எடை விதிப்படி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். ஓட்டுகிறவர் அதைப்போல ஒன்பது, பத்து மடங்கு கனம். இரண்டும் எதிரெதிராகத் தள்ளும்போது கனமான உடம்பு அவ்வளவாக நகராது. லேசான சைக்கிள்தான் முன்னால் பாயும். முன்சக்கரத்துக்கு ஒரு சாணுக்குக் குறையாமல் கிடைக்கும், அதுவும் இலவசமாக. ஆனால் அது நிலைக்காது. கொஞ்சம் முன்பே தள்ளிவிட்டால், கோட்டுக்கு வரும்போது உடம்பு மறுபடியும் சைக்கிளின் மேலே வந்திருக்கும்.

அந்தச் சாண் எவ்வளவு பெரிது என்று தெரியாதவர்களுக்கு: 2017 டூர் தெ பிரான்ஸின் ஏழாம் கட்டத்தில் மார்செல் கிட்டல், எட்வால்ட் போசன் ஹாகனை வென்றது 6 மில்லிமீட்டரில். நேரக் கணக்கில் 0.0003 விநாடி. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் வருகிறது. அந்த வேகத்தில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கு 2 மீட்டர். சந்தோஷப்பட அங்கே இடம் எங்கே இருக்கிறது?

என்னிடம் பழகிய பையன் ஒருவன், நல்ல காலுள்ளவன், நான்கு பேர் பிரிந்து வந்த ஒரு ஜூனியர் பந்தயத்தில் இப்படித் தோற்றான். “நான்தான் சார் முன்னால இருந்தேன்” என்று ஃபோட்டோ ஃபினிஷ் படத்தின் முன்னால் நின்று வாதாடினான். அவன் சொன்னது உண்மை. அவன் தலை முன்னால்தான் இருந்தது, தோளும் முன்னால்தான் இருந்தது. கணக்கில் வருவது முன்சக்கரத்தின் டயர், அது கோட்டின் தொடக்க விளிம்பைத் தொடும் கணம். தலைக்கும் தோளுக்கும் நடுவர் மார்க் போடுவதில்லை. பிறகு விசாரித்தால், கையை விட்டு ஓட்டுவதற்கும் விரலால் வானத்தைக் காட்டுவதற்கும் தனியாக ஒத்திகை பார்த்திருக்கிறான். சைக்கிளைத் தள்ளிப் பழகினாயா என்றேன். பதில் இல்லை.

இப்போது எல்லோரையும் ஜோடி ஜோடியாக விடுகிறேன். 200 மீட்டர், பக்கத்தில் பக்கத்தில், சுண்ணாம்புக் கோட்டில் தள்ளவேண்டும். கோட்டைத் தாண்டி மூன்று மிதி மிதித்த பிறகுதான் நிமிரலாம். முன்பே நிமிர்ந்தால் அந்த ஓட்டம் செல்லாது, திரும்ப ஓடவேண்டும். முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

மேலே தொங்கும் பேனரைப் பார்ப்பது

தரையைப் பாருங்கள். 72 சென்டிமீட்டர் அகல வெள்ளைப் பட்டை, அதன் நடுவே 4 சென்டிமீட்டர் கறுப்புக் கோடு. பந்தயம் முடிவது கறுப்பில், வெள்ளையில் அல்ல.

ஜெர்சி ஜிப்பை ஏற்றுவது

ஸ்பான்சர் பெயர் படத்தில் விழவேண்டும், புரிகிறது. தனியாக வந்தால் மட்டும்.

படத்துக்காக அவசரப்படுவது

புகைப்படக்காரர்கள் நிற்பது கோட்டுக்கு வெகுதூரம் அப்பால். தாண்டிய பிறகு தூக்கினாலும் படம் வரும், இன்னும் கிட்டத்தில், தெளிவாக வரும்.

அணித்தோழர் வென்றதற்குக் கூட்டத்துக்குள் கையை விடுவது

லீட் அவுட் கொடுத்துவிட்டு, அதாவது அணித்தோழருக்குக் காற்று மறைவு கொடுத்து முன்னால் இழுத்துப்போய் விட்டுவிட்டு, வேகம் குறைகிறவர், பின்னால் முழு வேகத்தில் நூறு பேர் வருவதை மறந்து கையைத் தூக்குகிறார். தோற்பதைவிட மோசமானது இது. ஓரமாக, நேர்கோட்டில், இரண்டு கையும் ஹேண்டிலில். கட்டிப்பிடிப்பதை அணி வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக வருகிறவர் மிதிப்பதை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். முன்னால் போகிறவர் கையைத் தூக்கலாம்.